பச்சை வாளி

பில்லின் முதல் வரி: நாய், பெண், ஐந்து வயது.
பெயர் எழுதவில்லை.
சீயம் என்று சொல்லித்தான் இருந்தேன்.
தின்கிற சீயமா என்று கம்பவுண்டர் சிரித்தார்.
அகராதியில் சிங்கத்துக்கும் அதுதான் பெயர் என்று
அப்போது வாயில் வரவில்லை.
அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்,
கழுத்துப்பட்டை மட்டும் என் கையில்.

புதுவயலில் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
நெல்லில் ஈரம் ஒரு புள்ளி கூடினால்
மூட்டைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும்
என்பது தூக்கத்திலும் தெரியும்.
காரைக்குடி டாக்டர் தந்த தாளில்
இதர செலவு ஆயிரத்து நானூறு.
எந்த இதரம் என்றேன்.
"கர்ப்பப்பை முழுக்கச் சீழ்ம்மா.
ஒரு நாள் விட்டிருந்தா போயிருக்கும்."
கேட்டதற்கு அது பதிலில்லை.
ஆனால் அதன்பிறகு ரூபாயைப் பற்றிப் பேசினால்
நான்தான் கல்நெஞ்சுக்காரி.

பதினாறு நாள் முன்பே போயிருந்தேன்.
குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கிறாள் என்றேன்.
வெயில் காலம் என்றார்.
தொடவில்லை. குனியவில்லை.
பூச்சி மாத்திரை இரண்டு எழுதினார்.
அந்தச் சீட்டும் இருக்கிறது,
தேதியோடு.

மயக்கம் தெளியுமுன்
கடை அடைக்கிற நேரம் என்று தூக்கிக் கொடுத்தார்கள்.
நாக்கு ஒரு பக்கமாய்த் தொங்கியது.
ஆலையின் லோடு ஆட்டோவில்
தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்தோம்.
கண்டனூர் வரைக்கும் வேகத்தடை வரும்போதெல்லாம்
தன் வயிற்றைத் தைத்ததுபோல முனகினார்
டிரைவர் அடைக்கலம்.
தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு
ஸ்டாக் இல்லையாம்.
அவர்தான் பச்சை வாளி ஒன்றின் அடியை அறுத்து
விளிம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தந்தார்.
அதற்குப் பில் இல்லை.

நாலாம் இரவு தையலோரம் கசிந்தது.
ஏழு தடவை போன் அடித்தேன்.
எட்டாவதில் கம்பவுண்டர்:
போட்டோ எடுத்து அனுப்புங்க.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுத்து அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி விழுந்தது.
விடியும்வரை அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாளிக்குள்ளிருந்து அவள்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவகோட்டை அரசு ஆஸ்பத்திரியில்
செம்மறிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து
இரண்டு தையலைப் பிரித்துக் கழுவினாள்
என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி.
கழுவிக்கொண்டே சொன்னாள்,
முன்னாடியே காட்டியிருக்கலாமேக்கா.
சீட்டு பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
அழுதுவிடுவேன் என்று பயம்.

குருணைக் கஞ்சி, இரண்டு கரண்டி.
பிறகு நாலு.
ஏழாம் நாள் சுவரைப் பிடித்ததுபோல நடந்தாள்,
வாளி நிலைப்படியில் இடித்து இடித்து.
பதினோராம் நாள் ஆலைச் சங்கு ஊதியதும்
பதிலுக்குக் குரைத்தாள்.
பேரேட்டில் கூட்டிக்கொண்டிருந்த தொகை
எனக்குத் தப்பிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குப் போனேன்.
ஐந்து குற்றம், வரிசை எண் போட்டு,
ஆலையின் தலைப்புத் தாளுக்குப் பின்புறம்.
டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.
"அட, பிழைச்சிடுச்சா!"
உண்மையாகவே முகம் மலர்ந்தது மனிதருக்கு.
அந்த 'அட'வில்தான் எனக்குக் கால் தளர்ந்தது.
அப்படியானால் அன்றைக்கு
பிழைக்காது என்றா தூக்கிக் கொடுத்தீர்கள்?
அதைக் கேட்கவில்லை.
இரண்டாம் எண் வரை படித்தேன்.
"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போனா
இன்பெக்‌ஷன் வரும்மா" என்றார்.
தாளை மடித்தேன்.
வெளியே ஒரு பையன் புறாவைத் துண்டில் பொதிந்து
வரிசையில் உட்கார்ந்திருந்தான்.
தேவகோட்டைக்குப் போ என்று மட்டும் சொன்னேன்.

கழற்றிப்போட்ட வாளியை
அவள் இன்னும் தூக்கியெறிய விடுவதில்லை.
டியூபைக் கவ்வி இழுத்துக்கொண்டு
வீடெல்லாம் சுற்றுகிறாள்.
இரவில் அதற்குள் தலையை நுழைத்துத் தூங்குகிறாள்.
அடியில்லாத வாளிதானே,
அந்தப் பக்கம் மூக்கு தெரிகிறது,
ஈரமாய்.